சுவருக்கு ஆடை



இராமாநுசர் அவதரித்த தலம் என்று நம் முன்னோர் போற்றிய ஸ்ரீபெரும்புதூருக்கு இன்று வேறொரு புகழும் உண்டு. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார்களைச் செய்யத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை எழுந்தது. இன்று அவ்வழியே செல்வோர் இருமருங்கிலும் நெடிய தகட்டுச் சுவர்களைக் காணலாம். உள்ளே இயந்திரக் கைகள் இரும்பைப் பற்றவைக்கின்றன. ஆயினும் அச்சுவர்களை மாட்டியவை மனிதக் கைகளே. அக்கைகளின் தொழிலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மெல்லிய தகட்டை மடித்தால் அது வலிமை பெறும். ஒரு தாளை விசிறிபோல் மடித்துப் பாருங்கள், இவ்வுண்மை விளங்கும். இதனை அறிந்து நெளிதகட்டுக்கு 1829இல் இலண்டனில் உரிமை பெற்றவர் ஹென்றி பாமர் என்னும் பொறியியலாளர். 1837இல் பிரான்சு நாட்டு சோரல், இரும்புக்குத் துத்தநாகப் பூச்சிட்டுத் துருவைத் தடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தே இன்றைய தகட்டுச் சுவர் பிறந்தது. அமெரிக்காவில் வீடுகளுக்கு வினைல் என்னும் பிளாஸ்டிக் பலகைகளைப் போர்த்துகிறார்கள். பொருள் வேறு, நுணுக்கம் பெரும்பாலும் ஒன்றே.

முதல் நுணுக்கம் வெப்பத்தைப் பற்றியது. பத்து மீட்டர் நீளமுள்ள எஃகுத் தகடு, நாற்பது டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீளும். வினைலோ அதைப்போல ஐந்து மடங்கு நீளும். ஆகவே வினைல் பலகையில் நீண்ட துளையின் நடுவில் ஆணியை அடித்து, தலைக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் அளவு இடம் விடுகிறார்கள். இறுக அடித்தால் பலகை நெளிந்துவிடும். நம் தகட்டுச் சுவரிலோ திருகாணியின் கீழ் ரப்பர் வளையம் உண்டு. அது சற்றே அமுங்கினால் போதும். பிதுங்குமளவுக்கு முறுக்கினால் வளையம் கிழிந்து நீர் புகும்.

இரண்டாவது, வெட்டும் முறை. சுழலும் சாணைச் சக்கரத்தால் வெட்டினால் விரைவில் முடியும். ஆனால் தீப்பொறிகள் துத்தநாகப் பூச்சைக் கருக்கும், சிதறிய இரும்புத் துகள்கள் துருப்பிடிக்கும். தகரக் கத்தரியோ பூச்சைப் பெரிதும் காப்பாற்றுகிறது. மின்விசைக் கருவிகள் மலிந்த இக்காலத்திலும் சாளர ஓரங்களில் அக்கத்தரி நீங்காதிருப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, மேற்பொருத்து. கீற்று வேய்பவர் இறவாணத்திலிருந்து மேல்நோக்கி வேய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேற்கீற்று கீழ்க்கீற்றின்மீது படிவதால் நீர் வழுக்கி ஓடுகிறது. தகட்டிற்கும் அதுவே விதி. மேலும், நமக்குப் பெருமழை வடகிழக்கிலிருந்து வருவதால், காற்று எதிர்ப்படாத கோடியிலிருந்து தகடுகளை அடுக்கி வருவர். அப்போது பொருத்துவாய் காற்றுக்கு முதுகு காட்டும்.

2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரையேறியது. இத்தகைய புயற்காற்று கட்டடத்தைத் தள்ளுவதோடு நில்லாது, மூலைகளிலும் ஓரங்களிலும் தகட்டை வெளிப்புறமாக உறிஞ்சவும் செய்யும். ஆகவே அவ்விடங்களில் திருகாணிகள் நெருக்கமாக இருத்தல் வேண்டும்.

பின்னொரு நாள், அப்பகுதியில் பழுதுபார்க்கும் முதிய தொழிலாளி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். துளை தளர்ந்த இடத்தில் பழைய ஆணியையே மீண்டும் முறுக்காமல், சற்றுப் பருத்த ஆணியை இட்டார். “இது ஏன், ஐயா?” என்றேன். “தளர்ந்த துளை பழைய ஆணியைப் பிடிக்காது, தம்பி” என்றார். பிறகு கூரையில் வெளிச்சத்திற்காகப் பதித்த பிளாஸ்டிக் தகட்டைக் காட்டி, “வேலை எப்படியும் முடிந்துவிடும், வெயிலில் நொறுங்கிய அதன்மேல் காலை வைத்தால் ஆள்தான் முடிந்துபோவான்” என்றார்.

நாளை உங்களுள் சிலர் வரைபடம் வரையும் பொறியாளராவீர்கள். திருகாணி எங்கே என்று குறிக்கும்போது, அதை முடுக்குபவர் எங்கே கால் ஊன்றுவார், இடுப்புக் கயிற்றை எதில் மாட்டுவார் என்பதையும் குறியுங்கள். இவ்விரண்டும் இல்லாத வரைபடம் எத்துணை அழகியதாயினும் நிறைவுற்றதாகாது.