இல்லத்தில் சுட்ட இனிப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இருப்புப்பாதையே இல்லாத தீவில் இரயில்வே எழுத்தரை அழைத்து, அடுக்களையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்திருக்கின்றனர். தலைப்போ சாக்லேட்! பயணச் சீட்டும் பதிவேடும் அறிந்த நாம் இதில் என்ன கூறப்போகிறோம் என்று நீங்கள் புன்னகை புரிவது தெரிகிறது. ஆயினும் உண்பண்டத்தைப் பற்றிப் பேச உண்பவர்க்கும் சிறிது உரிமை உண்டன்றோ?

சாக்லேட் அந்நியப் பொருள் என்பர் சிலர். கொக்கோ மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம் என்பது உண்மையே. மெக்சிகோவின் பழங்குடிகள் அதன் விதையை அரைத்து, சர்க்கரையின்றிப் பானமாகப் பருகினர். 1753-இல் லின்னேயஸ் என்னும் தாவர அறிஞர் அம்மரத்துக்குத் 'தெய்வங்களின் உணவு' எனப் பொருள்படும் பெயரை இட்டார். இன்றோ பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளின் நிழலிலேயே கொக்கோ காய்க்கிறது. மிளகாயும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். அதனை அந்நியம் என்று நம்மில் எவரேனும் விலக்கினோமா?

உதகமண்டலம் சென்று வருவோர் அங்கு வீடுகளில் செய்யப்பெறும் சாக்லேட்டை வாங்கி வருவது வழக்கம். குளிர்மலையில் அது உறுதியாக நிற்கும். கொக்கோ வெண்ணெயோ ஏறத்தாழ 34 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். நம் தீவின் வெயிலில் கட்டிச் சாக்லேட் இளகி, பின்னர் இறுகி, மேலே வெண்படலம் பூத்துவிடுகிறது. ஆதலின் நம் இல்லங்களுக்கு ஏற்றது வார்ப்பதன்று, மாவோடு கலந்து சுடுவதே.

அதற்குத் தனி அடுப்பு வேண்டா. குக்கரில் இரண்டு கோப்பை உப்பைப் பரப்பி, ஒரு தாங்கி வைத்து, இரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கி மூடி, பத்து நிமிடம் சூடாக்குக. மைதா 160 கிராம், கொக்கோத் தூள் 30 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சலித்துக்கொள்க. ஒரு கோப்பைத் தயிர், 200 கிராம் சர்க்கரை, அரைக் கோப்பை எண்ணெய் இவற்றைக் கலக்கி, மாவைச் சேர்த்து, நெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றிச் சிறு தீயில் 40 அல்லது 45 நிமிடம் வைத்திடுக. குத்திய குச்சியில் மாவு ஒட்டாதாயின் வெந்துவிட்டது எனக் கொள்ளலாம். வறுத்த தேங்காய்த் துருவலைத் தூவினால் தீவின் மணமும் கூடும்.

முட்டையை விலக்கியதற்குக் காரணம் உண்டு. பகிர்வதற்கெனச் செய்யும் பண்டம், பெறுவோர் அனைவரும் உண்ணத்தக்கதாக இருத்தல் வேண்டும். நம் குடியிருப்பின் ஒரே வரிசையில் வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சி மக்கள் எனப் பலரும் வாழ்கின்றனர். பொங்கலன்று நாம் அனுப்பும் தட்டு, கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடு திரும்புகிறது. எந்த இல்லத்திலும் அண்டை வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பும் வழக்கமில்லை.

அன்பர்களே, இஃது இனிப்பைப் பற்றிய செய்தி மட்டுமன்று. நம் உற்றார் கடலுக்கப்பால் இருக்கின்றனர். சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகின்றன. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் விமானமும் உதவாது. அடுத்த வீட்டுக் கதவைத்தான் தட்டவேண்டும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோதும், கரை கடந்து உறவினர் வருமுன் கைகொடுத்தோர் அண்டை அயலாரே. பகலில் தட்டேந்திச் சென்று தட்டிய கதவையே இரவில் தயக்கமின்றித் தட்ட இயலும். பெயரும் அறியாதார் வீட்டு வாயிலில் நம் கை எழுமா?

கடையில் வாங்கிய பெட்டியைக் கொடுப்பதைக் குறைகூறவில்லை. ஆயின், "இதனை எவ்வாறு செய்தீர்கள்?" என்று எவரும் கடைப் பெட்டியைக் கண்டு கேட்பதில்லை. அந்த ஒரு வினாவில்தான் நட்புத் தொடங்குகிறது.

ஆகவே தாய்மார்களுக்கும், அவர்களோடு மாவு சலிக்கவேண்டிய ஆடவர்க்கும் நமது வேண்டுகோள் ஒன்றுண்டு. இவ்வாண்டு ஒவ்வோர் இல்லத்தாரும் ஒரு கேக் சுடுங்கள். இதுவரை நாம் தட்டாத கதவு ஒன்றைத் தேர்ந்து, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புங்கள். புதிதாக மாற்றலாகி வந்த குடும்பமாயின் மிக நன்று.