வாயில்லாச் சீவன்களுக்கு ஆற்றும் திருத்தொண்டு



திருப்பணி நிறைவெய்திக் குடமுழுக்கு நிகழும் நன்னாளில், கருங்கல்லில் அமைந்த நந்தியெம்பெருமானுக்கு எண்ணெய்க் காப்பு இட்டு, பட்டு உடுத்தி, அறுகம்புல் மாலை சாத்தி அடியார்கள் வணங்குகின்றனர். விநாயகப் பெருமானுக்கு மூஞ்சூறும், முருகவேளுக்கு மயிலும், திருமாலுக்குக் கருடனும், வைரவக் கடவுளுக்கு நாயும் ஊர்திகளாக விளங்குகின்றன. விலங்கும் பறவையும் இடம்பெறாத திருக்கோயிலைத் தமிழ்நாட்டில் காண்டல் அரிது. கல்லில் வடித்த எருதுக்கு இத்துணைச் சிறப்புச் செய்யும் கைகள், கோபுர வாயிலுக்கு வெளியே கால் முறிந்து கிடக்கும் உயிருள்ள எருதுக்கு என்ன செய்கின்றன என்பதே இன்று சிந்தித்தற்குரியது.

பெரியபுராணம் போற்றும் சண்டேசுர நாயனாரின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். சேய்ஞ்ஞலூரில் தோன்றிய விசாரசருமர் என்னும் சிறுவர், ஆயன் ஒருவன் பசுவைக் கோலால் அடிப்பதைக் கண்டார். கண்டு வருந்தியதோடு அவர் நின்றாரா? ஆயனைக் கடிந்ததோடு அமைந்தாரா? இல்லை. ஊராரின் இசைவு பெற்று, அப்பசுக்களை மேய்க்கும் பொறுப்பைத் தாமே ஏற்றுக் கொண்டார். புல்லும் நீரும் நிழலும் உள்ள இடம் தேடி நாள்தோறும் ஓட்டிச் சென்றார். இரக்கம் என்பது நெஞ்சில் எழும் உணர்ச்சி. தொண்டு என்பது அவ்வுணர்ச்சி மறுநாளும் அதற்கு மறுநாளும் எழுந்து சென்று வேலை செய்வது. இவ்வேறுபாட்டை அப்பிள்ளைப் பருவத்துப் பெருமான் செயலால் உணர்த்தினார்.

மதுரையில் இறைவன் நிகழ்த்திய திருவிளையாடல்களுள் ஒன்று, தாயை இழந்து பசியால் தவித்த 12 பன்றிக் குட்டிகளுக்குத் தாமே தாய்ப்பன்றியாகி வந்து பாலூட்டியது. அருவருக்கத்தக்கது என உலகம் ஒதுக்கும் உயிருக்காக முழுமுதற் பொருள் இறங்கி வந்ததென்றால், இந்த உயிர் உயர்ந்தது, இந்த உயிர் தாழ்ந்தது என்று பிரித்து இரங்குவதற்கு அடியவர்க்கு இடம் ஏது?

தகடூர் நாடு எனப் பழம்பெயர் பெற்ற தருமபுரிச் சீமையும் அதனை அடுத்த செங்கம் பகுதியும் நடுகற்கள் மலிந்தவை. ஆநிரையை மீட்கப் போராடி மாண்ட வீரர்க்கு நட்ட கற்கள் அவற்றுட் பல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அதில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் வடிக்கப்பட்டுள்ளது. அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. சற்றேறக்குறைய 1400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் நன்றிக்குக் கல் நாட்டிய மக்களின் வழித்தோன்றல்கள், தெருவில் அடிபட்ட நாயைக் கண்டும் விலகிச் செல்லலாகாது.

அரூர் வழியே சென்றால் எட்டும் திருவண்ணாமலையில், பகவான் ரமண மகரிஷிகள் விரூபாட்சக் குகையில் வாழ்ந்த காலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இத்தொண்டின் இலக்கணம் முழுவதையும் காட்டும். தலைக் குரங்கு கடித்ததால் காயமுற்ற குட்டிக் குரங்கு ஒன்று நொண்டிக்கொண்டே அவரை வந்தடைந்தது. அவர் அதற்கு மருந்திட்டுப் பேணினார். அதன் பெயரே நொண்டி என்றாயிற்று. சில நாட்களில் அதன் கூட்டம் தேடி வந்தபோது, தம் அன்புக்குரியதென்று அதைப் பற்றி வைத்துக்கொள்ளாமல் கூட்டத்தோடு போக விடுத்தார். காப்பாற்றுதல் முதற்படி, குணமாக்குதல் இரண்டாம் படி, அதற்குரிய வாழ்விடத்தில் மீண்டும் சேர்த்தல் மூன்றாம் படி. பிற்காலத்தே அவர் பேணிய பசு லட்சுமி 1948-ஆம் ஆண்டில் மறைந்தபோது ஆசிரமத்திலேயே சமாதி அமைக்கப்பட்டது. திரும்பிச் செல்ல இடமில்லாத உயிரை இறுதிவரை காப்பதும் இத்தொண்டில் அடங்கும் என்க.

இவ்வறம் தமிழகத்தில் நிறுவன வடிவும் பெற்றது. 1959-ஆம் ஆண்டில் சென்னையில் விமானி கேப்டன் வி. சுந்தரம் தம் குடும்பத்தாருடன் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்கள் அவையில் மேற்கொண்ட முயற்சியின் பயனாக, 1960-இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர் ஆனார். உயிர்களிடத்து இரக்கம் கொள்வது குடிமக்களின் கடமையென்று 1976-இல் அரசியலமைப்பிலும் எழுதப்பட்டது.

இனித் தருமபுரி மாவட்டத்து நிகழ்ச்சிகளைக் காண்க. 2020 நவம்பரில் பஞ்சப்பள்ளி அருகே ஆழ்ந்த கிணற்றில் யானை ஒன்று விழுந்தது. வனத்துறையினரும் தீயணைப்புப் படையினரும் ஏறத்தாழ 16 மணி நேரம் உழைத்து, மயக்க ஊசி செலுத்தி, கிரேன் கொண்டு அதை உயிரோடு தூக்கினர். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் மட்டும் எஞ்சி நின்றன. அதே மாதத்தில் பென்னாகரம் பகுதியில் கிணற்றினின்று மீட்கப்பட்ட வேறொரு குட்டி, முதுமலை தெப்பக்காடு முகாமில் அன்போடு பேணப்பட்டும் சில வாரங்களுள் இறந்தது. மீட்பு எல்லா வேளையும் வெற்றியில் முடிவதில்லை. ஆதலின் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவதும், வேலியில் மின்சாரம் பாய்ச்சாதிருப்பதும் ஆயிரம் மீட்புகளினும் மேலான புண்ணியம்.

சேர்வராயன் மலையினின்று இறங்கும் வாணியாற்றின் வளம்பெற்ற பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து அன்பர்கள் இத்தொண்டில் ஈடுபட விரும்பின் அறிய வேண்டியன சில உள.

அடிபட்ட மாடு, ஆடு முதலியவற்றை மனம்போனபடி இழுத்துச் செல்லலாகாது. முறிந்த எலும்பு மேலும் முறியும். 1962 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்துக் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைத்தல் வேண்டும். அதுவரை நிழலும் நீரும் தந்து கூட்டத்தை விலக்குதலே பேருதவி. மான், மயில், குரங்கு போன்ற காட்டுயிர்களை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; உடனே வனத்துறைக்கு அறிவித்தல் கடன். மஞ்சவாடிக் கணவாய் போன்ற மலைச்சாலைகளில் குரங்குகளுக்கு வண்டியிலிருந்து பழம் எறிவது தருமம் போலத் தோன்றும். ஆயினும் அவ்வழக்கமே அவற்றைச் சக்கரத்தின் கீழ்ச் சேர்க்கின்றது.

நாய்களுக்குத் தொண்டு செய்வோர் வெறிநோய்த் தடுப்பூசியை முன்னரே இட்டுக்கொள்ளல் நன்று. கடியோ கீறலோ நேர்ந்தால் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை செல்லல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பி வீட்டிலிருத்தல் உயிருக்கே கேடாம்.

கோதானம் செய்வோர்க்கும் ஒரு சொல். கன்றையும் பசுவையும் கோயிலுக்கு விட்டதோடு தானம் முடிவதில்லை. அதன் தீவனத்துக்கும் தொழுவத்துக்கும் மருத்துவத்துக்கும் வழி வகுத்து அளிப்பதே முழுமையான தானம். இன்றேல் கொடுத்தவர் கணக்கில் புண்ணியமும், பெற்ற பசுவின் கணக்கில் பட்டினியும் எழுதப்படும். அன்னதானப் பந்தலில் எஞ்சிய சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்தால், பசு சோற்றோடு பையையும் விழுங்கும். அது வயிற்றில் தங்கிச் செரியாமற் கொல்லும். வாழையிலையே பந்திக்கும் அழகு, பசுவுக்கும் உணவு.

மாந்தர் பலர் துன்புற, விலங்குக்கு இரங்குவது முறையோ என வினவுவார் உளர். எல்லா உயிர்க்கும் இரங்குமாறு போதித்த இராமலிங்க அடிகளாரே 1867-இல் வடலூரில் பசித்த மக்களுக்குச் சத்திய தருமச்சாலை நிறுவினார் என்பது அவர்க்கு விடை. இரக்கம் பங்கிட்டால் குறையும் பொருளன்று. மேலும், ஏழை உழவன் வீட்டில் கறவை ஒன்று வீழ்ந்தால் அவ்வீட்டு அடுப்பும் உடன் அவிகின்றது. அப்பசுவை எழுப்பி நிறுத்துபவர் ஒரு குடும்பத்தையே எழுப்பி நிறுத்துகின்றார் அல்லரோ?

குடமுழுக்குக்குப் பொருள் ஈந்த அன்பர்களே! விமானக் கலசத்தில் வார்த்த புனித நீர் ஒருநாளில் வழிந்து உலர்ந்துவிடும். கோயில் வாயிலருகே ஒரு தண்ணீர்த் தொட்டி, ஊர்க் கிணறுகளுக்குச் சுவர், முறை வைத்துத் தொண்டாற்ற இளைஞர் சிலர்: இவை அமைந்தால் அந்நீரின் குளிர்ச்சி ஆண்டு முழுதும் வாயில்லாச் சீவன்களின் நாவிலும் நிற்கும். பசுபதி என்னும் திருநாமம் உடைய பெருமான், தம் பசுக்களைப் பேணுவார்க்கு எல்லா நலனும் அருள்வாராக!