'பாஸ்' என்னும் சொல்



இரயில்வே ஊழியராகிய நமக்குப் 'பாஸ்' என்பது ஊர் செல்லும் இலவசப் பயணச் சீட்டு, மாணவர்க்குத் தேர்ச்சி, பூகோளத்தில் கைபர் போன்ற கணவாய். அனைத்தும் காலடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தவை. கடந்து செல்லுதலே அடிப்பொருள். 'அவே' என்பது சேர்ந்தால் மரணம்.

நாங்கள் சிறுவராயிருந்தபோது, பாட்டியார் நோயுற்றிருந்த வேளையில், ஊரிலிருந்து 'பாஸ்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு தந்தி வந்தது. இரவெல்லாம் அழுதோம். சிற்றப்பா தேர்வில் தேறிய செய்தி அது என்பதை மறுநாள் வந்த கடிதமே உணர்த்திற்று. சொற்கணக்கில் கட்டணம் கொண்ட தந்தியில் மிச்சம் பிடித்த சில காசுக்கு எங்கள் கண்ணீர் விலையாயிற்று.

தமிழிலும் மாடிப்படி, பஞ்சப்படி, நெல்லளக்கும் படி என ஒரு சொல் பல பொருள் தரும். ஆதலின், பிள்ளைகளுக்குச் சொல்லை மட்டுமன்று, அதன் துணைச்சொல்லையும் சேர்த்தே கற்பிப்போம்.