நெம்புகோல் துப்பாக்கியும் இரண்டாம் தோட்டாவும்



ஒகேனக்கல் என்றதும் காவிரி பாறைகளில் மோதிப் புகைபோல் எழும் காட்சியே நம் நினைவுக்கு வருகிறது. 'புகையும் கல்' என்பதே அப்பெயரின் பொருள். அவ்வருவியைச் சூழ்ந்த காடுகளுக்கோ வேறொரு வரலாறும் உண்டு. பென்னாகரம் முதல் சின்னாறு காவிரியிற் கலக்கும் இடம் வரையில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் திரிந்தவர், பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974). அவருடைய வேட்டை நூல்களில் முதலாவது 1954-இல் வெளிவந்தது. பென்னாகரத்தை அடுத்த முண்டச்சிப்பள்ளத்து ஆட்கொல்லியைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

அவர் கையில் இருந்தது 1895-ஆம் ஆண்டு மாதிரியான வின்செஸ்டர் துப்பாக்கி. அதை வகுத்தவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். விசையைச் சூழ்ந்த வளையமே அதன் நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் அடைப்புத்தண்டு பின்னே வந்து, வெடித்த தோட்டாவின் கூட்டை இழுத்தெறியும். குதிரையும் எழுந்து நிற்கும். மேலே இழுத்தால் புதிய தோட்டா குழலுக்குள் புகும். ஒரு பூட்டுக்கட்டை எழுந்து அடைப்புத்தண்டைத் தாங்கிக்கொள்ளும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடைபெற வேண்டும். முதற்குண்டு புலியைக் காயப்படுத்திவிட்டு, இரண்டாவது தோட்டா வழியில் சிக்கினால் என்னாகும்? சுட்டவர் உயிர் மட்டுமன்று, அடுத்த ஊராரின் உயிரும் போகக்கூடும். காயம்பட்டுத் தப்பிய புலியே பல வேளைகளில் ஆட்கொல்லியாகிறது என்பதை ஆண்டர்சன் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார்.

பழுது பார்த்து வந்த பழந்துப்பாக்கிதான் பெரும்பாலும் இப்படிச் சிக்கும். இது விந்தையாகத் தோன்றலாம். நானறிந்த முதிய கம்மியர் ஒருவர், அத்தகைய துப்பாக்கியைக் கண்டால் முதலில் தோட்டா ஏதும் இல்லையென்று இருமுறை பார்ப்பார். பிறகு வெறுந்துப்பாக்கியின் நெம்புகோலை மெல்ல இயக்குவார். மருந்தில்லாத போலித் தோட்டாவை இட்டு மறுபடியும் இயக்குவார். வெறுமையாய் இருக்கும்போதே இறுகினால் குற்றம் பொறியில் இருக்கிறது. தோட்டா இட்டபின் மட்டும் இறுகினால் குற்றம் தோட்டா செல்லும் பாதையில் இருக்கிறது. பாதிப் பழுது இந்த ஒரு கேள்வியிலேயே விளங்கிவிடும்!

பொறியில் என்றால் அவர் முதலில் ஐயுறுவது திருகாணிகளையே. தோற்றத்தில் ஒத்த இரண்டு திருகாணிகள் நீளத்தில் மயிரளவு வேறுபடும். கழற்றியவர் இடம் மாற்றி முடுக்கினால், நீண்டதன் நுனி உள்ளே நீட்டி நெம்புகோலை உரசும். ஒன்றைச் சிறிது தளர்த்திப் பார்த்தால் உண்மை புலப்படும். அப்போதும் விளங்காவிட்டால் விளக்குப் புகையை உறுப்புகளின்மேல் படியச் செய்து இயக்குவார். எங்கே கரி அழிந்து உலோகம் மின்னுகிறதோ அங்கேதான் உராய்வு.

இனித் தோட்டாவின் பாதை. முந்தைய வின்செஸ்டர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்நுனிக் குண்டாயின் முன்னுள்ள தோட்டாவின் வெடிமுனையைக் குத்திவிடும் அபாயம் உண்டு. 1895 மாதிரியிலோ அவை பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுங்கும். ஆண்டர்சனின் .405 அளவுத் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னே அமைய வேண்டும். பின்னே அமைந்தால் இரண்டும் கோத்துக்கொள்ளும். இது பொறியின் பழுதன்று. இட்டவர் கையின் பழுது. பெட்டியின் வில் தளர்ந்திருந்தால் தோட்டா உரிய உயரத்துக்கு எழாது. அப்போது வில்லை மாற்றுவதே வழி.

நெம்புகோல் முழுதும் மூடவில்லை என்றால்தான் பலர் அரத்தைத் தேடுகிறார்கள். என் கருத்தில் இதைவிடக் கொடிய பிழை இல்லை. பழைய எண்ணெய் உலர்ந்து மூலையில் அரக்காய்ப் படிந்திருக்கலாம். அதைத் துடைத்தாலே போதும். பூட்டுக்கட்டையை அராவினாலோ, நெம்புகோல் இனிதாக மூடும். ஆனால் அடைப்புத்தண்டுக்குப் பின்னே இடைவெளி உண்டாகும். வெடிக்கும்போது தோட்டாக் கூடு பின்னுக்கு நகர்ந்து கிழியும். கொதிக்கும் ஆவி சுடுபவர் முகத்தை நோக்கிப் பாயும். அராவிய இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க யாரால் முடியும்?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அக்காடுகளில் வேட்டைக்கு இடமில்லை. 2014-இல் அப்பகுதியில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பழந்துப்பாக்கி வீட்டில் இருந்தாலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதற்குப் பொருந்தும். ஆகவே அதைக் கழற்றிப் பார்க்கும் ஆவலை மாணவர்கள் அடக்கிக்கொள்ளட்டும். வெறுமையாய் ஒருமுறை, சுமையோடு ஒருமுறை என்று இயக்கிப் பார்க்கும் அக்கம்மியரின் முறையைத் தையல் இயந்திரத்திலும் சைக்கிள் சங்கிலியிலும் தாராளமாகச் சோதித்துப் பார்க்கலாம்.