நார்ஃபோக் தீவின் சிறை அதிகாரி

தாமே சிறைபட்டுக் கிடந்து, பின்னாளில் சிறைக்கே அதிகாரியானவர் அலெக்ஸாண்டர் மக்கோனக்கி. 1787இல் எடின்பரோவில் பிறந்த இந்தக் கடற்படைக்காரர், 1811இல் பிடிபட்டு இரண்டாண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாக இருந்தார். பிறகு லண்டனில் புவியியல் பேராசிரியர். 1840இல் அவர் பொறுப்பேற்றது நார்ஃபோக் தீவில். சிட்னியிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால், நாடுகடத்தப்பட்ட இடத்திலும் மறுபடி குற்றம் செய்தவர்களை அடைத்து வைத்த தீவு அது.

போனதும் தூக்குமேடையைப் பிரிக்கச் சொன்னார். மே மாதத்தில் விக்டோரியா ராணியின் பிறந்தநாள் வந்தது. அன்று அவர் செய்ததைக் கேளுங்கள்: சிறைக் கதவுகளை விரியத் திறந்துவிட்டார்! ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் தீவெங்கும் சுற்றினார்கள். புது இறைச்சியோடு சாப்பாடு, ராணியின் நலம் வேண்டி எலுமிச்சைச் சாறு கலந்த ரம், கைதிகளே நடித்த நாடகம், வாணவேடிக்கை. மாலையில் ஊதுகுழல் ஒலித்ததும் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஒரு அசம்பாவிதமும் இல்லை.

சார்லஸ் ஆண்டர்சன் கதையையும் சொல்லியாக வேண்டும். போரில் தலையில் அடிபட்ட மாலுமி. சிட்னித் துறைமுகத்தில் அவரைப் பாறையோடு சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். படுக்கை, பாறையில் குடைந்த குழி. கசையடிக்குக் கணக்கில்லை. பின்னர் நார்ஃபோக் தீவுக்கு வந்த அவரிடம் மக்கோனக்கி முரட்டுக் காளைகளை ஒப்படைத்து, யாரும் குறுக்கிடக்கூடாது என்று உத்தரவிட்டார். காளைகளும் பழகின, ஆளும் அமைதியானார். பிறகு மலையுச்சியில் கப்பல்களுக்குக் கொடி காட்டும் வேலை. மாலுமி உடை மறுபடி உடம்பில் ஏறியது.

இதற்கெல்லாம் அடிப்படை அவர் வகுத்த மதிப்பெண் முறை. தண்டனையை ஆண்டுக் கணக்கில் அளக்காமல், உழைப்பாலும் நடத்தையாலும் சம்பாதிக்கும் மதிப்பெண்களால் அளந்தார். அவற்றைச் செலவழித்து நல்ல சாப்பாடு வாங்கலாம். சேர்த்து வைத்தால் விடுதலை நெருங்கும்.

மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. 1843இல் ஆளுநர் கிப்ஸ் நேரில் வந்து பார்த்து மெச்சினார். அதற்குள் லண்டனிலிருந்து திரும்ப அழைக்கும் உத்தரவு புறப்பட்டுவிட்டது. பின்னர் பர்மிங்காம் சிறைப் பொறுப்பும் 1851இல் பறிபோனது. 1860இல் காலமானார்.

ஆனால் அயர்லாந்தில் வால்டர் கிராஃப்டனும் அமெரிக்காவின் எல்மைராவில் பிராக்வேயும் அந்த முறையை எடுத்து வளர்த்தார்கள். நன்னடத்தைக்காகத் தண்டனை குறைந்து ஒருவர் வெளியே வந்தார் என்ற செய்தி அடுத்த முறை காதில் விழும்போது, நேயர்கள் மக்கோனக்கியையும் நினைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையோடு இந்த உரை நிறைவடைகிறது.