பாராட்டப்பட வேண்டியோர் யாவர்?

(தொடக்கப் பள்ளிப் பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் தொடக்கப் பள்ளியில் சிறந்து விளங்கிய ஆசிரியர், பணியாளர், பெற்றோர், மாணவர் ஆகியோரைப் பாராட்டும் நிகழ்ச்சியைத் திருவிழாவின் ஓர் அங்கமாகவே அமைத்திருக்கிறீர்கள். சமண முனிவர்களின் உறைவிடத்திற்குப் பள்ளி என்று பெயர். அங்கே கல்வியும் வழங்கப்பட்டமையால் அச்சொல் கல்விக்கூடத்திற்கும் உரியதாயிற்று என்பர் அறிஞர். ஆகவே இரண்டும் ஒரே பந்தலில் நிகழ்வது மிகவும் பொருத்தம். யாரைப் பாராட்டுகிறோம், எதற்காகப் பாராட்டுகிறோம் என்பது பற்றியே இன்று சில கருத்துகளைக் கூற விழைகிறேன்.

முதலில் ஆசிரியர். 1962 முதல் செப்டம்பர் 5ஆம் நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். அந்நாளில் தமிழக அரசு டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரால் நல்லாசிரியர் விருது வழங்குகிறது. மாநிலம் முழுவதிலுமிருந்து சிலரைத் தெரிந்தெடுக்கும்போது ஆவணங்களையும் சான்றுகளையும் நம்பியே ஆக வேண்டும். ஒரு பள்ளிக்குள் வழங்கப்படும் பாராட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை. நாள்தோறும் நாம் கண்ணால் காண்கிறோம். இருந்தும் நம் கண் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்மீதே விழுகிறது. மதிப்பெண் தெரிவது அங்கேதான்.

ஒன்றாம் வகுப்பை எண்ணிப் பாருங்கள். தாயின் முந்தானையை விட்டு வர மறுத்து அழும் குழந்தை. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொரு மொழியும் கேட்கும் குழந்தை. பென்சிலைப் பிடிக்கவே அறியாத விரல்கள். இவர்களுக்குத்தான் 247 எழுத்துகளைக் கற்பிக்க வேண்டும். ‘கொ’ என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது, நடுவே ககரம். ஒலிக்கும்போதோ ககரம் முந்துகிறது. கண் காணும் வரிசை ஒன்று, நா ஒலிக்கும் வரிசை மற்றொன்று. இது நமக்கு எவ்வாறு விளங்கிற்று என்று நம்மில் எவருக்கேனும் நினைவிருக்கிறதா? கற்பித்தவர் யார் என்பதும் மறந்திருக்கும். மறந்துபோகும் அளவிற்கு அதை இயல்பாக்கிவிடுவதே அந்த ஆசிரியரின் திறம். ஆகவே சிறந்த ஆசிரியரைத் தேடுவோர் ஒன்றாம் வகுப்பு அறையிலிருந்து தேடலைத் தொடங்குவது நன்று.

அடுத்து மாணவர். ஆறு வயதுக் குழந்தைகளிடையே முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று தரம் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் இரு குழந்தைகளின் பிறந்த நாள்களுக்கிடையே ஏறக்குறைய ஓர் ஆண்டு வேறுபாடு இருக்கக்கூடும். ஆறு வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஆறிலொரு பங்கு! நாம் அறிவுக்குப் பரிசளிப்பதாக எண்ணிக்கொண்டு பிறந்த மாதத்திற்குப் பரிசளித்துவிடக்கூடும். தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளின் கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அழகிய பெயர்கள். அரும்பு நிலையிலிருந்து மொட்டு நிலைக்கு வந்த குழந்தை, மலர் நிலையிலேயே தொடங்கி அங்கேயே நிற்கும் குழந்தையைவிட நெடுந்தொலைவு நடந்திருக்கிறது. அந்த நடைக்குப் பரிசளிக்கலாமே.

ஒருநாளும் விடுப்பு எடுக்காத மாணவருக்குப் பரிசு என்னும் வழக்கத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பரிசை விரும்பிக் காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் உண்டு. காய்ச்சல் அந்த ஒரு பிள்ளையோடு நிற்பதுமில்லை.

பெற்றோர் பற்றிப் பேசுகையில் சற்று வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது, அறங்காவலர்கள் பொறுத்தருள்க. சிறந்த பெற்றோர் என்று மேடைக்கு அழைக்கப்படுபவர் பல பள்ளிகளில் மின்விசிறி வழங்கியவராகவோ குடிநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவராகவோ இருக்கிறார். அவர் போற்றத்தக்கவர்; ஐயமில்லை. ஆனால் அது கொடைக்குச் செய்யும் சிறப்பு. அதற்குக் கல்வெட்டு இருக்கிறது, மின்விசிறியின் இறக்கையிலும் பெயர் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் அமையும் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்கிறது. குழுவில் பாதியளவு பெண்கள் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பெற்றோரிடம் சட்டம் பொருளைக் கேட்கவில்லை, வருகையைக் கேட்கிறது. அந்த வருகைக்கும் ஒரு விலை உண்டு. நாட்கூலிக்குச் செல்லும் ஒரு தாய் வேலை நாளில் கூட்டத்திற்கு வந்தால் அன்றைய கூலியை இழக்கிறாள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், கழிவறையில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று எழுந்து கேட்கவும் செய்கிறாள் என்றால், நம் பள்ளிக்கு அவள் அளித்த நன்கொடையை எந்தப் பற்றுச்சீட்டில் எழுதுவது?

இனிப் பணியாளர். காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கினார்; 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். இதை மேடைதோறும் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அடுப்படியில் நின்று அந்தத் திட்டத்தை உணவாக்கித் தட்டில் இடுபவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எந்தக் குழந்தை இரண்டாம் முறை சோறு கேட்கிறது, எது இரண்டு நாளாகத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போகிறது என்பதை வகுப்பாசிரியருக்கு முன்பே அறிபவர் அவர். ஒரு பிள்ளையின் வீட்டில் ஏதோ சரியில்லை என்ற செய்தி சில வேளை சமையற்கூடத்திலிருந்துதான் முதலில் வருகிறது.

பரிசுப் பொருளைப் பற்றியும் ஒரு சொல். பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு நல்ல பரிசு. முப்பது ஆண்டு கழித்தும் வீட்டில் புழங்கும். பொன்னாடை அப்படியன்று, அலமாரிக்குத்தான் போகும். எதுவாயினும், ‘சிறந்த பெற்றோர்’, ‘சிறந்த பணியாளர்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பெறுபவருக்கும் பொருள் விளங்காது, காண்பவருக்கும் வழி தெரியாது. ‘நான்கு மாதம் வாய் திறவாதிருந்த குழந்தையைப் பேச வைத்தமைக்காக’ என்று எழுதினால் விளங்கும். என் வேண்டுகோளை ஏற்று, இன்று வழங்கப்படும் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் தலைமையாசிரியர் அவர்கள் தம் கையாலேயே காரணத்தை எழுதியிருக்கிறார்கள். பெயரோடு அதையும் முழுமையாக வாசிக்க வேண்டுகிறேன். நேரம் போதாதெனில் எனக்கென்று வைத்திருக்கும் பொன்னாடையையும் மாலையையும் விட்டுவிடலாம்.

முதலாவதாக அழைக்கப்படவிருப்பவர் நம் சத்துணவுக் கூடத்தின் சமையலர். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வர அவருக்கு இன்னும் சற்று நேரமாகும் என்று அறிகிறேன். அவர் வந்தபின் தொடங்கலாம்.