மறதி நோய் மருந்தும் மூளையில் இரத்தக் கசிவும்

அல்சைமர் நோய்க்கு வந்துள்ள புதிய மருந்துகளைப் பற்றிப் பேசுவோர், அவை நோயை எவ்வளவு தாமதப்படுத்துகின்றன என்பதையே முதலில் கூறுகின்றனர். நோயாளியின் குடும்பத்தார் அதே அளவு கருத்தூன்றிக் கேட்டறிய வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. அது மூளையில் ஏற்படும் இரத்தக் கசிவாகும்.

இந்நோயில் அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் படிகிறது. அதனை அகற்றும் எதிர்ப்பொருள் மருந்துகளான லெக்கானிமாபுக்கு 2023 ஜூலையிலும், டொனனிமாபுக்கு 2024 ஜூலையிலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் இப்புரதம் நரம்பணுக்களுக்கு இடையே மட்டும் தங்குவதன்று. இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் ஊறிக் கிடக்கிறது. பழஞ்சுவரில் பூத்த உப்பைச் சுரண்டினால் காரையும் உடன் பெயர்வதுபோல, புரதம் அகலும்போது குழாய்ச் சுவர் நலிந்து, நீரோ இரத்தமோ கசிகிறது என்று கருதப்படுகிறது.

லெக்கானிமாப் மருந்தை 1,795 பேரிடம் 18 மாதங்கள் சோதித்தனர். மருந்து பெற்றோரில் 17.3 விழுக்காட்டினருக்கும், வெற்று மருந்து பெற்றோரில் 9 விழுக்காட்டினருக்கும் இரத்தக் கசிவின் அடையாளங்கள் காணப்பட்டன. மூளை வீக்கம் முறையே 12.6, 1.7 விழுக்காடு. இவற்றுள் பெரும்பாலானவை எம்.ஆர்.ஐ. படத்தில் மட்டுமே தென்பட்டவை; நோயாளி எதனையும் உணரவில்லை. பெரிய இரத்தப் பெருக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நலிவு குறைந்த அளவோ, 18 புள்ளி அளவுகோலில் 0.45 மட்டுமே. இவ்விரண்டையும் ஒருசேர நிறுத்துப் பார்ப்பதே நேர்மையாகும்.

ஆபத்து எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஏபிஓஇ4 என்னும் மரபணு வகையைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வீக்கம் தோன்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தபோது இவர்களை விலக்கியே அளித்தது. சிகிச்சைக்கு முன் மரபணுச் சோதனையும், சிகிச்சையின் தொடக்க மாதங்களில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. படமும் தேவைப்படுவது இதனாலேயே. படமெடுக்க வசதியில்லாத இடத்தில் இம்மருந்தைத் தொடங்குதல் தகாது.

இன்னொரு நிலைமை மேலும் கவலைக்குரியது. இம்மருந்து பெற்றுவந்த ஒருவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி செலுத்தப்பட்டது. மூளையில் பல இடங்களில் இரத்தம் பெருகி அவர் இறந்தார். இந்நிகழ்ச்சி 2023 ஜனவரியில் மருத்துவ இதழில் வெளியாயிற்று. தவிர, மருந்தினால் வரும் வீக்கமே பக்கவாதம்போலத் தோன்றக்கூடும். அவசரப் பிரிவு மருத்துவருக்கு முடிவெடுக்க நிமிடங்களே உள்ளன. மறதி நோயாளி தாம் பெறும் மருந்தின் பெயரைத் தாமே சொல்வார் என எதிர்பார்க்கவும் இயலாது. எனவே, மருந்தின் பெயரும் கடைசி ஊசியின் தேதியும் எழுதிய ஓர் அட்டை எப்போதும் அவரது சட்டைப் பையில் இருத்தல் வேண்டும். உடனிருப்போர் அதை மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டும்.